கொசு இல்லாத தீவு

அந்த மலைக்கு என் வயசுகூட ஆகலைன்னு எனக்கு முதல்ல சொன்னது என் மகன் குருசாமி. போன வருசம் பங்குனிப் பொங்கலுக்கு வந்திருந்தான். நான் பானையை இறக்கி வச்சுட்டு முகத்தைத் துடைக்கிறேன், போனை நீட்டுறான். “பாரும்மா, அக்கா வேலை பார்க்கிற இடம்.” பார்த்தா நடுக்கடல்ல கருப்பா ஒரு மலை. உச்சியில புகை. “யார்டா அங்க போய்த் தீ வச்சது?”ன்னு கேட்டேன். “யாரும் வைக்கலைம்மா, அதுவே எரியுது. கடலுக்கு அடியில இருந்து முளைச்ச மலை. நீ பாவாடை கட்டித் திரிஞ்ச காலத்துல அங்க வெறும் தண்ணிதான்”னு சொல்லிச் சிரிக்கிறான். எனக்குச் சிரிப்பு வரலை தாயி.

அந்த பஸ் சன்னலைக் கொஞ்சம் சாத்துறீங்களா? இந்த வாடை எனக்கு ஆகாது. சாத்தூர் எல்லை தாண்டுற வரைக்கும் இருக்கும். தீப்பெட்டி ஆபீஸ் வாடை. கல்யாணத்துக்கு முந்தி நானும் தீப்பெட்டி ஆபீஸ்ல வேலை பார்த்தவதான். குச்சியில மருந்து முக்குற அறைப் பக்கம் அந்த வாடை கூடினா, கையில இருக்கிறதைப் போட்டுட்டு ஓடணும், திரும்பிப் பார்க்கக் கூடாதுன்னு எங்க மேஸ்திரி சொல்லிக் குடுத்திருந்தார். ரெண்டொரு தடவை ஓடியும் இருக்கேன். இன்னைக்கும் அந்த வாடை மூக்குல ஏறினா காலு தானா எந்திரிக்கும்.

நல்லது, இப்பச் சரியா இருக்கு. நீங்க மதுரைக்கா? நான் விருதுநகர்ல இறங்கிருவேன். குருசாமி அங்கேதான் இருக்கான். இருக்கன்குடியில ஆத்தாளுக்கு அக்கினிச்சட்டி எடுத்துட்டு நேரா அவன் வீட்டுக்குப் போறேன். அவன் முகத்தைப் பார்த்து ஒண்ணு கேக்கணும். போன்ல கேட்டா நல்லா இருக்காம்மா, நல்லா இருக்காம்மாங்கிறான். முகம் பார்த்தாத்தானே தெரியும்.

என் மக மாரிச்செல்வியைப் பத்தித்தான். எனக்கு மூத்தவ அவதான். முப்பத்திரண்டு வயசு. கல்யாணம் ஆகலை, அதைக் கேக்காதீங்க, எல்லாரும் கேட்டாச்சு. செடி கொடிப் படிப்பு படிச்சா. அதுல பெரிய படிப்பு படிச்சு இந்தோனேசியாப் பக்கம் வேலைக்குப் போனா. வேலை என்னன்னு கேட்டா, புதுசா முளைச்ச தீவுல முதல்ல எந்தச் செடி வருது, எந்தப் பூச்சி வருதுன்னு உக்காந்து பார்த்து எழுதுறதாம். “இதுக்கா இவ்வளவு படிச்ச? நம்ம வீட்டுப் பின்னாடி பார்த்தா ஆயிரம் முளைக்குமே”ன்னேன். “அங்க யாரும் விதைக்காம முளைக்குதும்மா. காத்தும் கடலும் பறவையும் மட்டும் கொண்டு வர்றது. உலகத்துல அப்படி இடம் ரொம்பக் கம்மி. மனுசங்க கை படவே கூடாது”ன்னு சொன்னா. சொல்லும்போது அவ முகத்தைப் பார்க்கணுமே. சாமி கும்பிடுற முகம் மாதிரி இருக்கும்.

போன ஆவணியில பேப்பர்ல அவ படம் வந்தது. சாத்தூர்ப் பொண்ணு, தீ மலையில தனியா நிக்குது, அப்படி இப்படின்னு. தெருவே வந்து பார்த்தது. பக்கத்து வீட்டு ராசாத்தி கையில பேப்பரை வச்சுக்கிட்டு, “அடேயப்பா, எவ்வளவு தைரியம்! நம்ம பிள்ளைக தெருமுக்குக்குப் போகவே துணை தேடுது”ன்னா. அவ மனசுல கெடுதல் இல்லை. ஆனா கண்ணு இருக்கே, அது மனசைக் கேட்டா படுது? புகையுற மலை, மேல இத்தனை பேர் கண்ணு. பிள்ளை தாங்குவாளா?

ஐப்பசியில, தீபாவளி கழிஞ்சு, என்னை அங்கே கூப்பிட்டா. அந்தத் தீவுக்குச் சும்மா யாரும் போக முடியாது. அங்கே வேலை பார்க்கிறவங்க வீட்டு ஆளுகளை மட்டும் எப்பவாவது கூட்டிட்டுப் போய்க் காட்டுவாங்களாம். காலையில போய்ப் பொழுது சாயறதுக்குள்ள திரும்பிறணும். “நீ வந்து ஒரு தடவை பார்த்துட்டேன்னா பயம் போயிரும்மா”ன்னு சொன்னா. பயம் போகவா போனேன்? நான் போனது வேற காரியத்துக்கு.

அவளுக்கு அங்கே வச்சே திருஷ்டி சுத்திப் போடணும். எந்த இடத்துல கண்ணு பட்டதோ அந்த இடத்துல கழிச்சாத்தான் கழியும். கல்லுப்பு, வரமிளகாய், கடுகு. அதோட எங்க தெரு முச்சந்தி மண்ணு ஒரு பிடி. முச்சந்தி மண்ணு இல்லாமச் சுத்துறது சுத்துறதே இல்லை, எங்க பக்கம் அப்படித்தான். எல்லாத்தையும் மஞ்சத் துணியில முடிஞ்சு, பெட்டியில சேலைக்கு நடுவுல வச்சுக் கொண்டு போயிட்டேன். ஏரோப்பிளேன்ல யாரும் ஒண்ணும் கேக்கலை.

படகு கிளம்புற இடத்துலதான் கேட்டாங்க. அங்கே காவலுக்கு ஒருத்தர், தர்மோன்னு பேரு. செல்வி அவரைப் பாக் தர்மோன்னு கூப்பிடுவா, பாக்னா ஐயா மாதிரியாம். பெரிய மீசை, சின்னச் சிரிப்பு. என்னை இபுன்னார். அப்படின்னா அம்மாவாம். எங்களை எல்லாரையும் செருப்பைக் கழத்தச் சொல்லி, அடியில பிரஷ் வச்சுத் தேய்ச்சாங்க. பையைக் கவுத்து உதறினாங்க. செல்வி என்னைச் சேலை கட்ட விடலை. சுடிதாரைப் போட்டு விட்டு, கால்சட்டை மடிப்பை எல்லாம் பிரிச்சுப் பார்த்தா. “விதை எதுவும் ஒட்டியிருக்கக் கூடாதும்மா, ஒரு புல்லு விதைகூட.” நான் கொண்டு போன வாழைப்பழத்தை வாங்கிக்கிட்டாங்க. எலுமிச்சம்பழம் ஒண்ணு வச்சிருந்தேன், அதையும் நானே எடுத்துக் குடுத்துட்டேன். தர்மோ கையெடுத்துக் கும்பிட்டுச் சிரிச்சார். நல்ல மனுசன்.

மஞ்சத்துணி முடிச்சு ரவிக்கைக்குள்ள இருந்தது தாயி. சுடிதாருக்குள்ளேயும் நான் ரவிக்கை போட்டுத்தான் இருந்தேன். அதை யாரும் கேக்கலை. நானும் சொல்லலை. அது விதையா? அது திருஷ்டி கழிக்கிற சாமான்.

படகுல ஏறினதுல இருந்து நான் கண்ணை மூடிக்கிட்டேன். ஆரஞ்சுக் கலர்ல ஒரு மெத்தைச் சட்டையை மாட்டி விட்டிருந்தாங்க, மூச்சு முட்டுது. படகு ஒவ்வொரு அலைக்கும் தூக்கித் தூக்கி அடிக்குது. ஆத்தா, இருக்கன்குடியாளே, மாரித்தாயே, வேற வார்த்தையே வாயில வரலை. செல்வி என் கையைப் பிடிச்சுக்கிட்டு, “அம்மா, கண்ணைத் திற, அதோ”ங்கிறா. திறந்தேன்.

எப்படிச் சொல்றது. நம்ம மலைனா பச்சை இருக்கும், பாறை இருக்கும், மேல ஒரு கோயில் இருக்கும். இது கருங்கரி. ஒரே கருப்பு. கரையோரம் மட்டும் கொஞ்சம் சவுக்கும் புல்லும். உச்சியில இருந்து புகை, அவசரமே இல்லாம, அடுப்பை அணைச்ச பிறகு வருமே அது மாதிரி. படகை விட்டு இறங்கி மண்ணுல கால் வைக்கிறேன், அந்த வாடை. அதே வாடை தாயி. மருந்து அறை வாடை. என் காலு திரும்பிருச்சு. கடலுக்குள்ள எங்க ஓடுறது? நின்னுட்டேன். நின்னா செருப்பையும் தாண்டிச் சூடு ஏறுது. அடியில என்னமோ உறுமுற மாதிரி ஒரு அதிர்வு, காதுல கேக்கலை, வயித்துல கேட்டது. ஒரு காக்கா இல்லை. காக்கா இல்லாத இடத்துல மனுசன் இருக்கலாமா?

அங்கே நடக்கிறா என் மக. எங்க வீட்டு அடுப்படியில நடக்கிற மாதிரி நடக்கிறா. “அம்மா, இங்க பாரு, இது போன வருசம் இல்லை. இது கடல்ல மிதந்து வந்த கொட்டை. இது ஒரு புறா போட்டது.” இத்துணூண்டு செடிக்கு முன்னாடி மண்டி போட்டு உக்காந்துக்கிட்டு என்னைப் பார்க்கிறா, நான் என்னமோ சொல்லணும்னு. “நல்லா இருக்குடி, வா போகலாம்”னேன்.

கொஞ்ச தூரத்துல கயிறு கட்டிச் சதுரமா ஒரு இடம் அடைச்சு வச்சிருந்தாங்க. அது அவ இடமாம். அதுக்குள்ள குனிஞ்சு எண்ண ஆரம்பிச்சுட்டா. எண்ண ஆரம்பிச்சா அவளுக்கு உலகம் தெரியாது. கூட வந்த தர்மோ தண்ணி எடுக்கப் படகுக்குப் போனார். இதுதான் நேரம்னு எனக்குத் தோணுச்சு. ரவிக்கைக்குள்ள இருந்து முடிச்சை எடுத்துக் கையில பொத்திக்கிட்டு, அவ முதுகுக்குப் பின்னாடி போய் நின்னு, சுத்தினேன். ஊரு கண்ணு, உறவு கண்ணு, பேப்பர் பார்த்த கண்ணு, எல்லாக் கண்ணும் போகட்டும்னு மனசுக்குள்ள சொல்லிக்கிட்டுச் சுத்துறேன். நிழலு ஆடியிருக்கும் போல. திரும்பாமலே கேக்குறா.

“என்னம்மா பண்ற?”

“ஒண்ணுமில்லடி. கொசு.”

அவ்வளவுதான், துள்ளி எந்திரிச்சுட்டா. “கொசுவா? எங்க? எங்கம்மா பார்த்த? எப்படி இருந்துச்சு?”

“கொசு எப்படி இருக்கும்? கொசு மாதிரி இருந்தது. பறந்து போச்சு.”

“இந்தத் தீவுல கொசு கிடையாதும்மா! இது வரைக்கும் யாருமே பார்த்ததில்லை. கால்ல வெள்ளை வரி இருந்துச்சா?”

“இருந்தது, இருந்தது”ன்னு சொல்லி வச்சேன். பென்சிலை எடுத்து என்னமோ எழுதுறா, முகமெல்லாம் வெளிச்சம். “பார்த்தியா, நீ வந்த நேரம்!”னு என் கன்னத்தைக் கிள்ளினா. எனக்கும் சந்தோசமா இருந்தது. பிள்ளை சந்தோசப்பட்டா யாருக்குத்தான் சந்தோசமா இருக்காது?

அவ மறுபடி குனிஞ்சதும் நான் நடந்து போனேன். கொஞ்சம் தள்ளித் தரையில ஒரு பிளவு, அதுல இருந்து ஆவி வந்துக்கிட்டு இருந்தது. சுத்தினதை நெருப்புல போடணுமே, அந்த ஊர் நெருப்பு அதுதானே. முடிச்சை அவுத்து, உப்பு, மிளகாய், கடுகு, முச்சந்தி மண்ணு எல்லாத்தையும் வீசினேன். காத்து அடிச்சது, பாதி அங்கிட்டும் இங்கிட்டும் சிதறிருச்சு. மீதி பிளவு ஓரத்துல விழுந்தது. மூக்கைப் பொத்திக்கிட்டு நெடிக்குக் காத்திருந்தேன்.

நெடி வரலை தாயி.

உங்களுக்குத் தெரியும்ல? மிளகாயைத் தீயில போட்டா நெடி வந்து இருமணும். வந்தா ஒண்ணுமில்லைன்னு அர்த்தம். நெடியே வரலைன்னா, அவ்வளவு கண்ணு பட்டிருக்கு, அது நெடியைக்கூட முழுங்கிருச்சுன்னு அர்த்தம். என் வாழ்நாள்ல அப்படி ஒரு நெடியில்லாத திருஷ்டியை நான் பார்த்ததில்லை.

சரியா அந்த நேரம் மலை ‘தொம்’னு ஒரு சத்தம். உச்சியில கருப்பா ஒரு உருண்டை எந்திரிச்சது. தர்மோ படகுல இருந்து கத்துறார். செல்வி ஓடி வந்து என் கையைப் பிடிச்சா பாருங்க, அந்தப் பிடி இன்னும் என் மணிக்கட்டுல இருக்கு. ஓடுறோம். மேஸ்திரி சொன்னது ஞாபகம் வந்து நான் திரும்பியே பார்க்கலை. தண்ணிக்குள்ள இறங்கி, படகுல என்னை மூட்டை மாதிரித் தூக்கிப் போட்டாங்க. இஞ்சின் கிளம்பலை. இழுக்கிறாங்க, கிளம்பலை. மேல இருந்து சாம்பல் கொட்டுது, என் தலையில, செல்வி தலையில, கருப்பா. அப்பத்தான் வேண்டிக்கிட்டேன். ஆத்தா, என் பிள்ளையை இந்த மலையில இருந்து இறக்கி விட்டுரு, உனக்கு நான் அக்கினிச்சட்டி எடுக்கிறேன். சொல்லி வாயை மூடலை, இஞ்சின் கிளம்பிருச்சு.

செல்வி சிரிச்சா. நடுங்கிக்கிட்டே சிரிச்சா. “இது சும்மா செருமுறதும்மா. அடிக்கடி செருமும். பயந்துட்டியா?”ன்னு துப்பட்டாவால என் முகத்தைத் துடைச்சா. பெறகு என் மடியில தலையை வச்சுக்கிட்டா. கரை வர்ற வரைக்கும் எந்திரிக்கலை. சின்னப் பிள்ளையில மஞ்சக்காமாலை வந்து கிடந்தப்ப அப்படிப் படுத்திருந்தா. அதுக்கப்புறம் அன்னைக்குத்தான்.

நான் ஊருக்கு வந்தேன். மார்கழியில ஒரு நாள் காலையில கோலம் போட்டுட்டு உள்ளே வரேன், போன்ல ஒரு படம். கருப்பு மண்ணுல படர்ந்த ஒரு செடி, மஞ்சளா பூ. கீழே, “அம்மா, இது என்ன?” அவ்வளவுதான். எனக்குச் சிரிப்பு. உடனே கூப்பிட்டேன்.

“நெருஞ்சிடி! படிச்சவ, நெருஞ்சி தெரியலையா? நம்ம முச்சந்தி பூரா கிடக்குமே, சின்னதுல உன் கால்ல எத்தனை தடவை முள்ளு எடுத்திருக்கேன்!”

அவ மெதுவா, “அங்க எப்படிம்மா வந்துச்சு?”ன்னா. எனக்கு மறைக்கத் தெரியாது தாயி. முச்சந்தி மண்ணு கொண்டு வந்தேன், உனக்குச் சுத்திப் போட்டேன், அதனாலதான் அன்னைக்கு உசுரோட வந்தோம்னு எல்லாத்தையும் சொன்னேன். சந்தோசப்படுவான்னு நினைச்சேன்.

“எப்பம்மா சுத்துன?”

“நீ எண்ணிக்கிட்டு இருந்தப்ப.”

“கொசுன்னு சொன்னியே. அப்பவா?”

“ஆமா.”

“கொசு இல்லை?”

“இல்லடி, கொசுக்கு எங்க போறது அங்க?”

“அதை நான் எழுதி அனுப்பிட்டேம்மா. அம்மா பார்த்ததுன்னு எழுதி அனுப்பிட்டேன்”னா. போனை வச்சுட்டா.

அவ பேசாம இருந்திருந்தா யாருக்குத் தெரியப் போகுது? காத்து கொண்டு வந்தது, குருவி கொண்டு வந்ததுன்னு சொன்னா முடிஞ்சது. இவளே போய் அவங்க மேலதிகாரிகிட்ட, எங்கம்மா கொண்டு வந்ததுதான், என் பொறுப்புதான்னு சொல்லியிருக்கா. அவங்களும் இனிமே அந்தத் தீவுல உனக்கு வேலை இல்லைன்னு சொல்லிட்டாங்களாம். குருசாமிதான் சொன்னான். சொல்லும்போது அவன் குரலே சரியில்லை. எனக்கு அழுகை வந்தது, ஆனாலும் மனசுக்குள்ள ஒரு குளிர்ச்சி. ஆத்தா கேட்டுட்டா! பிள்ளையை மலையில இருந்து இறக்கி விட்டுட்டா! அதுக்குத்தான் தாயி இன்னைக்குத் தை வெள்ளியில சட்டி எடுத்தேன். பாருங்க, கையில கொப்புளம்.

ஆனா சட்டி எடுக்கப் போற நேரத்துலதான், போன செவ்வாய்க்கிழமை, குருசாமி வாய் தவறி ஒண்ணு சொல்லிட்டான். வேலை போச்சே தவிர, அவ அங்கே போறது நிக்கலையாம். நெருஞ்சி காய்ச்சு முள்ளு கொட்டிருச்சுன்னா அந்தத் தீவு பூரா பரவிருமாம், வேற எதையும் முளைக்க விடாதாம். நானே பிடுங்கிடுறேன், வேற யாரையும் அனுப்பாதீங்கன்னு கெஞ்சி அனுமதி வாங்கியிருக்கா. கடுகும் மிளகாயும்கூட முளைச்சிருக்காம். முன்னே வாரத்துக்கு ஒரு நாள் போனவ, இப்ப மழை விட்ட நாளெல்லாம் போறாளாம். அந்தப் பிளவு ஓரத்துலயே முட்டி போட்டு உக்காந்து ஒவ்வொண்ணா. ஒரு நெருஞ்சிச் செடியைப் பிடுங்கவா பெத்த பிள்ளை அங்கே போய் உக்காரணும்? நீங்களே சொல்லுங்க. யாருக்கு என்ன குறைஞ்சு போச்சு?

புதன்கிழமை டிவியில காட்டினாங்க, மலை மறுபடி எந்திரிச்சிருக்குன்னு. செருமுறது இல்லை இது. ராத்திரியில சிவப்பாத் தெரியுற அளவுக்கு. நான் போன் போட்டேன். அன்னையில இருந்து போட்டுக்கிட்டே இருக்கேன்.

என் போன்ல இருந்து போட்டா மணியே போக மாட்டேங்குது. ஒரு பொம்பளை அந்த ஊர்ப் பாஷையில என்னமோ சொல்றா, அவ்வளவுதான். ராசாத்தி மக சொல்லுது, “பெரியம்மா, அக்கா உங்க நம்பரைத் தடுத்து வச்சிருந்தா இப்படித்தான் இருக்கும்.” அது சொல்றது சரிதான். ஆனா தீவுல இருந்தாலும் இப்படித்தான் இருக்கும், அங்கே போன் எடுக்காதுன்னு செல்வியே முன்னே சொல்லியிருக்கா. ரெண்டுல எதுன்னு எனக்குத் தெரியலை. குருசாமி நல்லா இருக்காங்கிறான். அவன் அவங்க அப்பா உசுரு போன அன்னைக்கும் நாள் பூரா அப்படித்தான் சொன்னான்.

சட்டியைக் கையில வச்சுக்கிட்டு ஆத்தா முன்னாடி நின்னு என்ன கேட்டேன் தெரியுமா? அவ என் நம்பரைத் தடுத்து வச்சதாவே இருக்கட்டும் தாயே, என் மக என்னை வேண்டாம்னு ஒதுக்கினதாவே இருக்கட்டும்னு கேட்டேன்.

விருதுநகர் வர்றதுக்கு இன்னும் கொஞ்சம் நேரம் இருக்குல்ல? இந்தாங்க என் போன், இதுல செல்வின்னு இருக்கும், அந்த நம்பர்தான். உங்க போன்ல இருந்து ஒரே ஒரு தடவை போட்டுப் பாருங்க தாயி. பேச வேண்டாம். மணி அடிக்குதான்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்க.